முதல் உதைக்கு எத்தனை கே.வி.ஏ.?

வீட்டு ஜெனரேட்டர் பற்றிக் கேள்வி அனுப்பலாம் என்றதும் கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கமிருந்து கடிதங்கள் வந்து குவிந்துவிட்டன. பாதிப் பேர் பெயரைப் போட வேண்டாம் என்கிறார்கள். வீட்டில் ஜெனரேட்டர் இருப்பது வெளியே தெரிந்தால் தெருவே செல்போன் சார்ஜரோடு வாசலில் வந்து நிற்குமாம். நியாயமான பயம். அதனால் யார் பெயரும் இல்லை, ஊர் மட்டும்.

மூணு பெட்ரூம் வீடுங்க. எத்தனை கே.வி.ஏ. ஜெனரேட்டர் வாங்கலாம்?
— புது வீட்டுக்காரர், வடவள்ளி

கட்டில் கரண்ட் குடிப்பதில்லை. பெட்ரூம் கணக்கை வைத்து வீட்டை விற்கலாம், ஜெனரேட்டரை விற்கக் கூடாது. (விற்கிறார்கள் என்பது வேறு விஷயம்.)

ஒரு தாளை எடுங்கள். வீட்டில் இருப்பதையெல்லாம் எழுத வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் ஓடியே ஆக வேண்டியவற்றை மட்டும் எழுதுங்கள். நாலு ஃபேன் 300 வாட். எட்டு எல்.இ.டி. பல்பு 80. டி.வி. 100. வைஃபை பெட்டி, செல்போன் சார்ஜர் வகையறா 20. ஆக 500. ஃபிரிட்ஜ் ஓடும்போது 150 வாட், மொத்தம் 650. இதுவரை பள்ளிக்கூடக் கூட்டல்தான். இனிமேல்தான் விவகாரம். அந்த ஃபிரிட்ஜின் கம்ப்ரசர் கிளம்புகிற நொடியில் 150 வாட்டோடு நிற்காது, 900 வரைக்கும் இழுக்கும். அந்த உபரி 750-ஐச் சேர்த்தால் 1,400 வாட். 2 கே.வி.ஏ. போதும். சட்னி அரைக்க 750 வாட் மிக்ஸியும் அதே நேரத்தில் ஓட வேண்டுமென்றால் 2,150 வாட். 3 கே.வி.ஏ.வுக்குப் போங்கள்.

எல்லாச் சாமானின் உபரியையும் கூட்டத் தேவையில்லை. கிளம்பும்போது மிக அதிகமாக இழுப்பது எதுவோ அந்த ஒன்றின் உபரி போதும், ஏனென்றால் எல்லாம் ஒரே நொடியில் கிளம்பாது. நீங்களே கிளப்பிவிட்டால்தான் கிளம்பும். எல்லா சுவிட்சும் ஆனில் இருக்கும்போது ஜெனரேட்டரை வீட்டோடு இணைத்தால் அதுதான் நடக்கும். முதலில் அத்தனையையும் அணைத்துவிட்டு, பெரிய மோட்டாரை முதலில், சின்னதைப் பிறகு என்று ஒவ்வொன்றாகப் போடுங்கள். இந்த ஒரு பழக்கம் ஒரு கே.வி.ஏ.வை மிச்சம் பிடிக்கும்.

கிலோவாட் என்கிறார் ஒருவர், கே.வி.ஏ. என்கிறார் இன்னொருவர். ரெண்டும் ஒன்றுதானே?
— குழம்பியவர், கணபதி

இல்லை. பந்தியில் 10 இலை போட்டாகிவிட்டது, சாப்பிட்டவர் 8 பேர். சமையல்காரர் 10 பேருக்கு உலை வைத்தே ஆக வேண்டும். அந்த 10 கே.வி.ஏ., இந்த 8 கிலோவாட். மோட்டார் உள்ள வீட்டில் கே.வி.ஏ.வை 0.8-ஆல் பெருக்கினால் வருவதுதான் உங்களுக்கு உண்மையில் கிடைக்கும் கிலோவாட் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

லேபிளில் இன்னொரு வேடிக்கை உண்டு. பெரிய எழுத்தில் இருப்பது 'அதிகபட்சம்'. அது சில நிமிடங்களுக்குத்தான் தாங்கும். மணிக்கணக்காக எவ்வளவு தரும் என்பது பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும். கண்ணாடி போட்டுக்கொண்டு சின்ன எழுத்தைப் படித்து வாங்குங்கள்.

எங்க வீட்டு சாமான்களோட வாட் எப்படித் தெரிஞ்சுக்கிறது? ஸ்டிக்கரெல்லாம் அழிஞ்சு போச்சு.
— ஓய்வு பெற்ற ஆசிரியர், கோபிசெட்டிபாளையம்

ஐயா, உங்கள் வீட்டு வாசலிலேயே ஒரு அளவுகருவியை மின்வாரியம் மாட்டி வைத்திருக்கிறது. மீட்டரில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு மின்னும், அருகிலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை மின்னல் என்று அச்சிட்டிருக்கும். பல மீட்டர்களில் அது 3,200. வீட்டில் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, அளக்க வேண்டியதை மட்டும் போட்டு, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மின்னுகிறது என்று எண்ணுங்கள். 16 முறை என்றால் மணிக்கு 960. அதை 3,200-ஆல் வகுத்தால் 0.3. ஆக அந்தச் சாமான் 300 வாட். வகுப்பில் இதையெல்லாம் வகுத்தல் கணக்காகக் கொடுத்திருந்தால் பிள்ளைகள் தூங்கியிருக்க மாட்டார்கள்.

கிளம்பும் நொடி இழுவை மட்டும் இந்த முறையில் பிடிபடாது. அதற்கு எலக்ட்ரீஷியனிடம் டாங் டெஸ்டர் இருக்கும். கிளம்பும்போதைய ஆம்பியரைப் பிடித்து நிறுத்திக் காட்டும் வகையாகப் பார்த்துக் கொண்டுவரச் சொல்லுங்கள்.

ஜெனரேட்டரில் கிரைண்டர் ஓடுமா? மாவு இல்லாட்டி எங்க வீட்ல ராத்திரிச் சாப்பாடே இல்லீங்க.
— இல்லத்தரசி, பீளமேடு

கேட்கிற ஊரைப் பாருங்கள்! வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே வாங்கி வைத்திருக்கும் ஊர். மேசைமேல் வைக்கும் கிரைண்டர் 150 வாட்தான், 2 கே.வி.ஏ.வுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பெரிய குழவி போட்ட, சாய்த்து மாவெடுக்கும் பழைய கிரைண்டர் என்றால் அரை எச்.பி. மோட்டார். ஓடும்போது 500 வாட் சில்லறை, கிளம்பும்போது அதைப்போல நாலைந்து மடங்கு. 2 கே.வி.ஏ. முனகும், 3 கே.வி.ஏ. சமாளிக்கும்.

ஒரு யோசனை, அம்மணி. அரிசியைப் போட்டுவிட்டு சுவிட்சைத் தட்டாதீர்கள். வெறும் கல்லை முதலில் சுற்ற விட்டு, அது வேகம் பிடித்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரிசியைப் போடுங்கள். உங்கள் மாமியார் இதைத்தான் செய்திருப்பார், காரணம் சொல்லியிருக்க மாட்டார்.

வீட்டு போர்வெல்லில் 1.5 எச்.பி. சப்மெர்சிபிள். கடைக்காரர் 3 கே.வி.ஏ. போதும் என்கிறார். நம்பலாமா?
— தனி வீடு, சூலூர்

அவர் பொய் சொல்லவில்லை. பாதியைத்தான் சொல்லியிருக்கிறார். ஓடிக்கொண்டிருக்கும் 1.5 எச்.பி. மோட்டாரை 3 கே.வி.ஏ. தாங்கும். பிரச்சினை, ஓடாத மோட்டாரை ஓட வைப்பதில்.

ஒரு எச்.பி. என்பது 746 வாட். அது மோட்டாரின் தண்டு தரும் வேலை, கம்பியில் வரும் கரண்ட் இல்லை. 1.5 எச்.பி. தண்டில் கிடைக்க, சப்மெர்சிபிள் மோட்டார் கம்பியிலிருந்து 1,700 வாட்டுக்கு மேல் எடுக்கும். அது ஓடும்போது. நின்றிருக்கும் மோட்டாரில் சுவிட்சைத் தட்டியதும், ரோட்டார் வேகம் பிடிக்கும்வரை, வழக்கமான ஆம்பியரைப்போல நாலிலிருந்து ஆறு மடங்கு இழுக்கும். மின்வாரியத்துக்கு இது பெரிய விஷயமில்லை, விளக்கு லேசாக மங்கும், அவ்வளவுதான். 3 கே.வி.ஏ. ஜெனரேட்டர் என்ன செய்யும்? வோல்டேஜ் 230-லிருந்து சரேலென்று விழும். வோல்டேஜ் விழுந்தால் மோட்டாரின் முறுக்குத்திறன் அதைவிட வேகமாக விழும், வோல்டேஜ் பாதியானால் முறுக்கு கால்வாசிதான். மோட்டார் சுற்றாது, 'ங்' என்று முனகும். சுற்றாத மோட்டாரில் அவ்வளவு ஆம்பியரும் காயிலைச் சூடாக்கவே போகும். 800 அடி ஆழத்தில் காயில் வெந்தால் பைப்பை ஏற்றி இறக்கும் கூலியைக் கேட்டுவிட்டு வந்து ஜெனரேட்டர் விலையைப் பாருங்கள், மலிவாகத் தெரியும்.

நேரடி ஸ்டார்ட்டர் உள்ள சப்மெர்சிபிளுக்கு நான் நம்பும் கணக்கு இது: 1 எச்.பி.க்கு 5 கே.வி.ஏ., 1.5 எச்.பி.க்கு 6-லிருந்து 7.5, 2 எச்.பி.க்கு 10-ஐ ஒட்டி.

ஆனால் இந்தச் செலவை நீங்கள் செய்யவே வேண்டாம் என்பதுதான் என் கட்சி. நாலு பேர் உள்ள வீட்டுக்கு மொட்டை மாடியில் 2,000 லிட்டர் தொட்டி நிரம்பியிருந்தால் ஒரு நாள் பராமரிப்பு மின்தடையைக் கண்டுகொள்ளவே வேண்டாம். இன்னொரு தொட்டி வாங்குங்கள். தொட்டிக்கு டீசல் வேண்டாம், சர்வீஸ் வேண்டாம், சத்தமும் இல்லை. கரண்ட் போன நேரத்தில் ஓடியே ஆக வேண்டியவற்றின் பட்டியலிலிருந்து போர் மோட்டாரை அடித்துவிட்டால் 7.5 கே.வி.ஏ. வீடு 2 கே.வி.ஏ. வீடாகிவிடும்.

ஜி.டி. நாயுடு இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார்?
— பெருமைக்காரர், அவிநாசி ரோடு

அவர் என்ன சொல்லியிருப்பார் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து அவர் செய்ததுதான் இந்தியாவில் உருவான முதல் மின்மோட்டார் என்பார்கள். 1932-இல் பைக்காரா நீர்மின் நிலையத்து மின்சாரம் வந்ததும் மில்கள் பெருகின, பம்புக்கும் மோட்டாருக்கும் கோவை என்ற பெயர் நின்றது. இன்று வீடு வீடாக ஜெனரேட்டரைத் திணறடிப்பது அதே மோட்டார்தான். ஊர்ப் பெருமையில் கொஞ்சம் பில்லும் உண்டு.

யு.பி.எஸ். இருக்கிற வீட்டுக்கு ஜெனரேட்டர் எதற்கு?
— சந்தேகம், ஆர்.எஸ்.புரம்

பெரும்பாலான வீடுகளுக்கு எதற்குமே இல்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி பேட்டரி ஒன்றில் ஏட்டுக் கணக்குப்படி 1,800 வாட் மணி இருக்கிறது. இழப்பெல்லாம் போக, பேட்டரியை ஒட்ட உறிஞ்சாமல் எடுத்தால் 1,200 சொச்சம் கிடைக்கும். நாலு ஃபேன், ஆறு பல்பு சேர்ந்து 360 வாட். மூன்றரை மணி நேரம் ஓடும். அதே வீட்டில் 75 வாட் ஃபேன்களைக் கழற்றிவிட்டு 30 வாட்டுக்கும் குறைவாக எடுக்கும் பி.எல்.டி.சி. ஃபேன்களை மாட்டுங்கள். 180 வாட், ஏழு மணி நேரம். புது பேட்டரியும் வாங்கவில்லை, ஜெனரேட்டரும் வாங்கவில்லை.

ஃபிரிட்ஜுக்காகத்தான் ஜெனரேட்டர் என்பார்கள். கதவைத் திறக்காமல் வைத்தால் நாலு மணி நேரம் குளிர் தாங்கும். திறக்காமல் இருக்க உங்கள் வீட்டு ஆட்கள் ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்கு எந்தக் கம்பெனியும் மெஷின் கண்டுபிடிக்கவில்லை.

வீட்டில் ஆக்ஸிஜன் கருவியில் யாராவது இருந்தால், மருந்து குளிரிலேயே இருக்க வேண்டுமென்றால், கணக்கு அடியோடு மாறிவிடும். அங்கே யு.பி.எஸ்.ஸும் வேண்டும், அது தீர்வதற்குள் கைகொடுக்க ஜெனரேட்டரும் வேண்டும்.

2012 மாதிரி மறுபடியும் வந்துட்டா? அந்தப் பயத்துலதான் 10 கே.வி.ஏ. பார்த்துட்டிருக்கேன்.
— பனியன் தொழில், திருப்பூர்

அந்த வருடத்தைப் பார்த்தவர்கள் யாரும் உங்களைப் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல மாட்டார்கள். சென்னைக்கு இரண்டு மணி நேரம் மின்வெட்டு, நமக்கு 12, 14 மணி நேரம். ஒரு மணி நேரம் வரும், ஒரு மணி நேரம் போகும் என்று எண்ணி விசைத்தறி ஓட்டிய காலம். அதற்கு முந்தைய வருடம், 2011 செப்டம்பரில்தான், விலையில்லா மிக்ஸி, கிரைண்டர், ஃபேன் திட்டம் தொடங்கியது. மூன்றும் வீட்டுக்கு வந்தன, மூன்றையும் ஓட்ட வேண்டியது வரவில்லை. சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கு டீசல் ஊற்றிக் கட்டுப்படியாகாமல் எத்தனை பேர் தறியையே எடைக்குப் போட்டார்கள் என்பதை அந்தப் பக்கத்து ஆட்கள் இன்றும் சொல்வார்கள்.

ஆனால் ஒரு கெட்ட வருடத்துக்காக வாங்கிய ஜெனரேட்டர் பத்து நல்ல வருடங்களுக்கு மூலையில் நிற்கும். 2013 அக்டோபரில் கூடங்குளம் முதல் உலை மின்கட்டமைப்போடு இணைந்தது, புது அனல் மின் அலகுகளும் ஓடத் தொடங்கின, 2014 ஜூனிலிருந்து கட்டுப்பாடுகள் விலக்கப்பட்டன. இப்போது நமக்கு வருவது மாதாந்திரப் பராமரிப்புக்காக முன்கூட்டியே பேப்பரில் போட்டுவிட்டு காலை முதல் மாலை வரை போவது. அப்புறம் சித்திரை வைகாசியில் காற்றோடு அடிக்கும் கோடை மழையில் மரம் சாய்ந்து போவது. இதற்கு 10 கே.வி.ஏ. அதிகம். தொழிற்கூடத்துக்கு வேண்டுமானால் தனியாகக் கணக்குப் போடுங்கள், வீட்டையும் தையல் மெஷினையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

பெரிசா 15 கே.வி.ஏ. டீசல் வாங்கிப் போட்டுட்டா கவலையே இல்லையே? நோம்பி, கல்யாணம்னா ஒறம்பரை நிறைய வருவாங்க.
— பெரிய வீடு, கவுந்தப்பாடி

ஒறம்பரைக்காக ஜெனரேட்டர் வாங்குவதும், வருடத்துக்கு ஒரு நாள் பந்திக்காக வீட்டையே மண்டபமாகக் கட்டுவதும் ஒன்று. கல்யாணத்துக்கு ஜெனரேட்டர் வண்டி வாடகைக்கு வரும், பந்தல்காரரே ஏற்பாடு செய்வார்.

டீசல் இன்ஜினுக்குப் பாரம் வேண்டும். அதன் திறனில் 30 சதவீதத்துக்கும் கீழேயே நாள் கணக்காக ஓடினால் சிலிண்டர் போதுமான சூட்டுக்கு வராது. டீசல் முழுதாக எரியாமல் புகைக்குழாய் வழியே கறுப்பு எண்ணெயாக வழியும், உள்ளே கரி படியும், பிஸ்டன் ரிங் ஒட்டிக்கொள்ளும். 15 கே.வி.ஏ.வில் நாலு ஃபேனும் ஒரு டி.வி.யும் ஓட்டினால் இதுதான் நடக்கும். டீசல் இன்ஜினின் ஆயுளைக் குறைப்பதில் அதிக வேலைக்கு இணையாக வேலையின்மைக்கும் பங்கு உண்டு. 70, 80 சதவீதப் பாரத்தில் ஓடும்படி வாங்குங்கள்.

கீசர்?
— குளிர் தாங்காதவர், பொள்ளாச்சி

2,000 வாட். பொடக்காலியில் தண்ணி அடுப்பு இருக்கிறதா, பாருங்கள்.

இஸ்திரிப் பெட்டி?
— அதே வீட்டிலிருந்து இன்னொரு கடிதம்

1,000 வாட். கசங்கிய சட்டையோடு ஒரு நாள் போனால் ஊர் ஒன்றும் சொல்லாது. இண்டக்‌ஷன் அடுப்பைப் பற்றி மூன்றாவது கடிதம் எழுத வேண்டாம், அதுவும் 2,000.

வீட்ல இருந்தே ஐ.டி. வேலை. எனக்கு லேப்டாப் ஓடணும். அத்தைக்கு ஏ.சி. ஓடணுமாம். எத்தனை கே.வி.ஏ.?
— மருமகள், சரவணம்பட்டி

அத்தை ரூமில் இருப்பது எந்த ஏ.சி. என்பதில்தான் குடும்ப அமைதி இருக்கிறது. பழைய வகை ஒன்றரை டன் ஏ.சி. ஓடும்போது 1,700 வாட்டை ஒட்டி எடுக்கும். கம்ப்ரசர் கிளம்பும்போது பல மடங்கு. அதற்கு 5 கே.வி.ஏ.வுக்குக் குறைந்து போகக் கூடாது. இன்வெர்ட்டர் ஏ.சி. என்றால் கம்ப்ரசர் மெதுவாக வேகம் பிடிக்கும், திடீர் இழுவை கிடையாது. அதிகபட்சம் 1,600 வாட் என்று வைத்து, உங்கள் ஃபேன், விளக்கு, ஃபிரிட்ஜைச் சேர்த்தாலும் 3.5 கே.வி.ஏ.வில் அடக்கலாம். வெப்பநிலையை 26-இல் வைத்தால் இன்னும் குறைவாகவே எடுக்கும். அதை அத்தையிடம் சொல்ல வேண்டியது நான் இல்லை.

உங்கள் லேப்டாப் 65 வாட். அதை எப்போதும் யு.பி.எஸ்.ஸிலேயே வையுங்கள். ஜெனரேட்டர் கிளம்பி நிலைக்கு வருவதற்குள் மீட்டிங்கில் நீங்கள் காணாமல் போயிருப்பீர்கள். எலக்ட்ரானிக் சாமான் நிறைய உள்ள வீட்டுக்கு, பெட்ரோல் ஜெனரேட்டரிலேயே இன்வெர்ட்டர் வகை நல்லது. விலை கூடுதல், ஆனால் அலை சுத்தமாக வரும், பாரத்துக்கு ஏற்றபடி இன்ஜினே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சத்தமும் கம்மி.

வீட்டுக்கு மூணு ஃபேஸ் லைன். ஜெனரேட்டரும் மூணு ஃபேஸில்தான் வாங்கணுமா?
— எலக்ட்ரீஷியனை நம்பாதவர், மேட்டுப்பாளையம்

வீட்டில் மூணு ஃபேஸ் மோட்டார் இல்லையென்றால் வேண்டாம். 5 கே.வி.ஏ. மூணு ஃபேஸ் ஜெனரேட்டர் ஒரு ஃபேஸுக்கு 1.67 கே.வி.ஏ.தான் தரும். உங்கள் ஃபிரிட்ஜும் ஏ.சி.யும் ஒரே ஃபேஸில் மாட்டியிருந்தால், மற்ற இரண்டு ஃபேஸ் சும்மா கிடக்கும்போதே அது டிரிப் ஆகும். சிங்கிள் ஃபேஸ் 5 கே.வி.ஏ. வாங்கி, சேஞ்சோவர் சுவிட்சில் மூன்று ஃபேஸையும் ஒன்றாக இணைத்துவிட்டால் முழு 5-ம் எங்கே வேண்டுமோ அங்கே போகும்.

இதில் ஒரு பொறி இருக்கிறது. மூணு ஃபேஸ் ஓடும்போது நியூட்ரல் ஒயரில் மூன்றின் கரண்டும் பெருமளவு ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். ஒன்றாக இணைத்துவிட்டால் கழியாது, மொத்தமும் அந்த ஒரே ஒயரில் கூடி வரும். நியூட்ரல் ஒயர் அதைத் தாங்கும் தடிமனா என்று பார்க்கச் சொல்லுங்கள். இதைக் கேட்டதும் முகம் மாறுகிற எலக்ட்ரீஷியனாக இருந்தால் உங்கள் அவநம்பிக்கை சரிதான்.

ரெண்டு பக்கமும் பிளக் வைத்த ஒயரால் ஜெனரேட்டரிலிருந்து சுவரில் உள்ள சாக்கெட்டுக்குக் கொடுத்தால் வீடு முழுக்க எரிகிறதே! சேஞ்சோவர் சுவிட்ச் செலவு மிச்சம்.
— சிக்கனக்காரர், பல்லடம்

இந்தக் கேள்வியில் விளையாட்டு இல்லை. அந்த ஒயரை இன்றே வெட்டிப் போடுங்கள்.

உங்கள் சாக்கெட்டில் ஏற்றிய 230 வோல்ட் வீட்டோடு நிற்காது. மெயினை அணைக்க மறந்தால் மீட்டர் வழியாக வெளியே போய்த் தெரு டிரான்ஸ்ஃபார்மருக்குள் தலைகீழாக நுழையும். அந்தப் பக்கம் 11,000 வோல்ட்டாக ஏறி வெளியே வரும். கம்பத்தில் ஏறி வேலை செய்யும் ஊழியர் லைன் ஆஃப் என்று நம்பிக் கை வைக்கிறார். 'மெயினை அணைத்துவிட்டுத்தான் போடுவேன்' என்பீர்கள். ஒரு நாள் நீங்கள் ஊரில் இருக்க மாட்டீர்கள், வேறு யாரோ போடுவார்கள். அந்த ஒயரின் ஒரு முனை கழன்று வந்தால், கையில் இருக்கும் பிளக்கின் பித்தளைக் கம்பியிலேயே உயிருள்ள கரண்ட். லைன் கரண்ட் திடீரென்று வந்து ஜெனரேட்டரோடு மோதினால் ஜெனரேட்டரும் காலி.

ஃபேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருசேர மாற்றும் சேஞ்சோவர் சுவிட்ச் போடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டுமே இணையும். ஜெனரேட்டர் உடம்புக்கு எர்த் கொடுங்கள். ஜெனரேட்டர் வாங்கப் பணம் இருந்தவரிடம் சுவிட்சுக்குப் பணம் இருக்கும்.

மழையில் நனையாமல் இருக்க சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூமில் வைக்கலாமா? ஜன்னல் இருக்கு.
— முன்ஜாக்கிரதை, தாராபுரம்

ஜன்னல் பத்து இருந்தாலும் கூடாது. புகையில் கார்பன் மோனாக்சைடு வரும். மணம் இல்லை, நிறம் இல்லை, தலைவலி என்று படுத்தவர் எழுந்திருக்க மாட்டார். வீட்டுக்கு வெளியே, எந்த ஜன்னலுக்கும் நேராக இல்லாமல், குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டுக்கு எதிர்ப்பக்கம் பார்த்திருக்க வையுங்கள். மேலே ஒரு தகரக் கூரை, நாலு பக்கமும் திறப்பு. கார் ஷெட்டும் ரூம்தான். ஓடும்போதோ சூடாக இருக்கும்போதோ பெட்ரோல் ஊற்றாதீர்கள்.

சத்தத்துக்குச் சட்டம் ஏதாவது இருக்கா? பக்கத்து வீட்டுக்காரர் ஜெனரேட்டரைப் போட்டா எங்க வீட்டுப் பாத்திரம் ஆடுது.
— பாதிக்கப்பட்டவர், ராமநாதபுரம் (கோவை)

இருக்கிறது. டீசல் ஜெனரேட்டர் பெட்டிக்கு ஒரு மீட்டர் தள்ளி 75 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்பது மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியத்தின் வரம்பு. 2024 ஜூலையிலிருந்து புகைக்கும் கடுமையான புது வரம்பு வந்துவிட்டது. பாத்திரம் ஆடுகிறதென்றால் அது பெட்டி போடாத பழைய செட்டாக இருக்கும், அல்லது அடியில் ரப்பர் கட்டை இல்லாமல் நேராக சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கும். முதலில் ரப்பர் கட்டையைப் பற்றிப் பேச்சைத் தொடங்குங்கள். டெசிபலைக் கடைசியில் எடுங்கள்.

ஒரு யூனிட் என்ன விலை விழும்?
— கணக்குப்பிள்ளை, சத்தியமங்கலம்

சின்ன டீசல் செட் நல்ல பாரத்தில் ஓடினால் லிட்டருக்கு 3 யூனிட் தரும். டீசல் 90 ரூபாய்க்கு மேல் விற்கும்போது யூனிட் 30 ரூபாய். சின்ன பெட்ரோல் செட் லிட்டருக்கு 2 யூனிட்டே தந்தால் பெரிது. 50 ரூபாய்க்கு மேல் போகும். இதில் மெஷின் விலை, ஆயில், சர்வீஸ் சேர்க்கவில்லை. மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டை 2016-லிருந்து இலவசமாகவே தருகிறது. ஒப்பிட்டுப் பார்த்துக் கோபப்பட வேண்டாம்.

மாடியில் 3 கிலோவாட் சோலார் போட்டாச்சு. மத்திய அரசு மானியம் 78,000 ரூபாயும் வந்துச்சு. இனி ஜெனரேட்டர் வேண்டாம்தானே?
— சூரிய பக்தர், உடுமலை

கரண்ட் போன ஒரு பகல் பொழுதில் மாடிக்குப் போய்ப் பாருங்கள். வெயில் கொளுத்தும், பேனல் இருக்கும், வீட்டில் ஃபேன் சுற்றாது. லைனோடு இணைத்த சோலார், லைன் செத்ததும் தானும் நின்றுவிடும்படிதான் செய்யப்பட்டிருக்கிறது. காரணம் அதே கம்பத்து ஊழியர்தான். பேட்டரியோடு கூடிய ஹைப்ரிட் வகை போட்டால் மட்டுமே மின்தடையில் ஓடும்.

ஏற்கெனவே போட்ட சோலாரோடு ஜெனரேட்டரையும் சேர்க்கும்போது கவனம். ஜெனரேட்டர் கரண்டை லைன் என்று நினைத்து சோலார் இன்வெர்ட்டர் அதற்குள் மின்சாரத்தைத் தள்ளினால் ஜெனரேட்டர் கெடும். சேஞ்சோவரில் சோலார் லைன் பக்கமே இருக்கும்படி இணைக்கச் சொல்லுங்கள்.

கோவையில் வாங்கிய 3 கே.வி.ஏ. இங்கே மேலே வந்ததும் திணறுகிறது. ஏமாற்றிவிட்டார்களா?
— எஸ்டேட் குடியிருப்பு, வால்பாறை

இல்லை, உங்களை மலைதான் ஏமாற்றியது. உயரம் ஏற ஏறக் காற்று மெலியும், இன்ஜினுக்குக் கிடைக்கும் ஆக்ஸிஜன் குறையும். ஆயிரம் அடிக்கு மூன்று, மூன்றரை சதவீதம் திறன் போய்விடும். வால்பாறை 3,500 அடி. பத்துப் பன்னிரண்டு சதவீதம் அங்கேயே கழிந்தது. ஊட்டியில் 7,300 அடிக்கு மேல், கால்வாசியே போகும். மலைக்கு வாங்குகிறவர்கள் ஒரு அளவு கூட்டி வாங்குங்கள். கார்புரேட்டரில் மலைக்கேற்ற ஜெட் மாற்றிக்கொண்டால் திணறலும் புகையும் குறையும். திரும்பக் கீழே கொண்டுவந்தால் பழைய ஜெட்டை மறக்காமல் மாட்டுங்கள்.

தோட்டத்துச் சாளையில் 5 எச்.பி. மோட்டார், பால் கறக்கும் மெஷின், தட்டு வெட்டும் மெஷின். எல்லாத்துக்கும் ஒரே ஜெனரேட்டர்?
— தோட்டத்துக்காரர், காங்கேயம்

5 எச்.பி. நேரடி ஸ்டார்ட்டர் என்றால் 15-லிருந்து 20 கே.வி.ஏ. கேட்கும். ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டரோ சாஃப்ட் ஸ்டார்ட்டரோ போட்டால் கிளம்பும் இழுவை வெகுவாகக் குறையும், 10, 12-இல் சமாளிக்கலாம். ஸ்டார்ட்டர் விலையையும் ஜெனரேட்டர் விலை வித்தியாசத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். தண்ணி பாய்ச்சுவது ஒரு நாள் தள்ளிப் போகலாம், கறவை தள்ளிப் போகாது. பால் மெஷினுக்கு மட்டும் 5 கே.வி.ஏ. தனியாகப் போடுவதே என் யோசனை. டிராக்டர் இருந்தால் அதன் பின் தண்டில் மாட்டும் ஆல்டர்னேட்டரும் கிடைக்கிறது. ஆனால் டிராக்டரின் வேகம் ஏறி இறங்கினால் 50 ஹெர்ட்ஸும் ஏறி இறங்கும், மோட்டாருக்கு ஆகாது.

இதே கேள்வியைப் பல்லடத்திலிருந்து ஏ.சி. ஷெட் வைத்த கோழிப் பண்ணைக்காரரும் கேட்டிருக்கிறார். அவருக்கு அளவு இரண்டாவது கேள்வி. மூடிய ஷெட்டில் ஃபேன் நின்றால் கோடையில் நிமிடங்களில் கோழி சாகும். ஒன்று கிளம்பாவிட்டால் கைகொடுக்க இரண்டாவது ஜெனரேட்டர் நிற்க வேண்டும், தானாகக் கிளம்பும் பேனல் வேண்டும், எல்லாம் கைவிட்டால் திறந்துவிடத் திரை வேண்டும்.

ஜெனரேட்டர் வாங்கி எட்டு மாசமாச்சு. அன்றையிலிருந்து கரண்டே போகலைங்க. என்ன பண்ண?
— துரதிர்ஷ்டசாலி, பெருந்துறை

மாதம் ஒரு முறை நாலு சாமானைப் போட்டுப் பாரத்தோடு இருபது நிமிடம் ஓட்டுங்கள். வெறுமனே ஓட்டுவதில் பயனில்லை. பெட்ரோல் செட் என்றால் மாசக்கணக்காகக் கிடந்த பெட்ரோல் கார்புரேட்டரில் பிசினாகும். இப்போது விற்கும் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தையும் இழுக்கும். நீண்ட நாள் ஓட்டப் போவதில்லை என்றால் டேங்க்கை வடித்துவிட்டு, கார்புரேட்டர் காலியாகும்வரை ஓட விட்டு நிறுத்துங்கள். செல்ஃப் ஸ்டார்ட் பேட்டரியைச் சார்ஜில் வையுங்கள்.

கரண்ட் போயே ஆக வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருந்தால் ஒரு வழி இருக்கிறது. ஜெனரேட்டரைக் கழற்றி சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிப் பாருங்கள்.